கணவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் மாத்திரை கலந்து கொடுத்தால் குடி நின்றுவிடுமா? வேறு சிகிச்சை உண்டா?

கலக்காதீர்கள். மருந்துக்கடையில் நிற்பவன் என்பதால் சொல்கிறேன். "சோத்துல கலக்குற மாத்திரை இருக்கா தம்பி?" என்று யாரோ அனுப்பிய பெயரை செல்போனில் காட்டிக் கேட்பவர்கள் நிறையப் பேர். அந்தப் பெயர் பெரும்பாலும் டைசல்ஃபிராம். டாக்டர் சீட்டு இல்லாமல் அதை விற்கக் கூடாது.

அது குடிக்கிற ஆசையைக் குறைக்காது. உள்ளே போன மதுவைக் கல்லீரல் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாற்றும், பிறகு அதையும் உடைத்துவிடும். இரண்டாவது வேலையை இந்த மாத்திரை தடுத்துவிடுவதால் நச்சு தேங்கும். முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும், பிரஷர் இறங்கும். இந்தப் பயத்தில் குடிக்காமல் இருப்பதுதான் சிகிச்சையே. விஷயமே தெரியாதவர் எதற்குப் பயப்படுவார்? வழக்கம்போல குவார்ட்டர் வாங்குவார். இதயக் கோளாறு இருந்தால் உயிருக்கே ஆபத்து. மாத்திரையை நிறுத்தினாலும் 2 வாரம் வரை உடம்பில் வேலை செய்யும். பின்னால் தெரியவந்தால், நீங்கள் ஊற்றும் சாம்பாரைக்கூட நம்ப மாட்டார். அவர் சம்மதித்து, லிவர் டெஸ்ட் பார்த்து, வீட்டில் ஒருவர் முன்னால் விழுங்கினால் இதே மாத்திரை உதவும்.

சரி, ஒரேயடியாக நிறுத்தச் சொல்லலாமா? தினமும் அதிகம் குடிப்பவர் என்றால் அதுவும் ஆபத்து. மாலை போட்டோ, கோயிலில் கயிறு கட்டியோ திடீரென்று விடுபவர்களுக்கு முதல் நாளே கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் வராது. 2 நாளுக்குள் ஃபிட்ஸ் வரலாம். அதன்பின் சிலருக்குச் சுவரில் பூச்சி ஊரும், இல்லாத ஆளோடு பேசுவார்கள். சாமி குத்தம் என்று மந்திரிக்கக் கூட்டிப் போகாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நேரம் அது. அங்கே டயஸிபாம் வகை மருந்து கொடுத்து, சில நாளில் படிப்படியாகக் குறைப்பார்கள். குளுக்கோஸ் ஏற்றும் முன்பே தயமின், அதாவது பி1 ஊசி போடுவார்கள். அந்தச் சத்து குறைந்தால் ஞாபகசக்தியே போய்விடலாம்.

அதன் பிறகுதான் நீண்ட சிகிச்சை. ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அக்காம்ப்ரோசேட் இருக்கின்றன. முதலாவதை, குடியை முழுக்க விடும் முன்பே தொடங்கலாம். ஆனால் டிரமடால் போன்ற வலி மாத்திரையோடு ஆகாது. அக்காம்ப்ரோசேட்டுக்கு முன் கிட்னி பார்க்க வேண்டும். கவுன்சலிங், ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடிப் பேசும் குழு) கூட்டம் கூடவே தொடரணும்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதைப் பார்க்கிறார்கள். சென்னை அடையாறில் 1980 முதல் இயங்கும் டி.டி.கே. மருத்துவமனை குடும்பத்தையும் உட்கார வைத்துப் பேசும். பூட்டி வைத்து அடிக்கும் இடங்களும் உண்டு. சேர்க்கும் முன் மாநில மனநல ஆணையத்தில் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள்.

அவர் வர மறுத்தால் நீங்கள் மட்டுமாவது போங்கள். போதை மீட்பு உதவிக்கான 14446 என்ற இலவச எண்ணிலும் பேசலாம். எத்தனை வருடமாக, தினமும் எவ்வளவு, கடைசியாக எப்போது குடித்தார், முன்பு ஃபிட்ஸ் வந்ததா, வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று எழுதி எடுத்துப் போங்கள். டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.