ராக்கெட் கைக்கு வரும் முன்னே

கேள்வி: என் மகளுக்கு 8 வயது. அவளாகவே ஆசைப்பட்டதால் பாட்மிண்டன் வகுப்பில் சேர்த்தேன். மூன்று வாரமாகப் பக்கவாட்டில் ஓடு, ஒற்றைக்காலில் நில், பந்தை எறி, பிடி என்றே வகுப்பு போகிறது. ராக்கெட்டைத் தொட விடுவது கடைசிப் பத்து நிமிடம்தான். வீட்டில் நானே ஷட்டிலைப் போட்டுப் பார்த்தால் பாதிக்கு மேல் காற்றைத்தான் அடிக்கிறாள். கோச்சை மாற்றலாமா? டென்னிஸ் அவளுக்குச் சுலபமாக இருக்குமா? நல்ல ராக்கெட் வாங்கிக் கொடுத்தால் சரியாகிவிடுமா?

பதில்: கோச்சை மாற்ற வேண்டாம். சொல்லப்போனால், உங்களுக்கு நல்ல கோச்தான் கிடைத்திருக்கிறார்.

அடுத்த முறை ஷட்டிலைப் போடும்போது மகளின் ராக்கெட்டைப் பார்க்காமல் கால்களைப் பாருங்கள். ஷட்டில் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி வருகிறது. கால் இரண்டும் நின்ற இடத்திலேயே நிற்கும். உடம்பு மட்டும் சாயும். கை எட்டிப் பிடிக்கப் போகும். இல்லாவிட்டால் நேராக ஷட்டிலுக்கு அடியில் ஓடி நிற்பாள், அது தலையில் விழும். இரண்டிலும் கையின் மேல் தப்பில்லை. எங்கே விழப்போகிறது என்று கண் கணிக்க வேண்டும், கால் அங்கே கொண்டுபோக வேண்டும், போன வேகத்தில் தடுமாறாமல் நிற்க வேண்டும், அப்புறம்தான் அடி. இத்தனையும் ஓரிரு நொடிக்குள். முதல் மூன்றும் தானாக நடக்கப் பழகாத குழந்தைக்குக் கடைசி ஒன்று எப்படி வரும்?

அந்தப் பக்கவாட்டு ஓட்டம் அதற்காகத்தான். ஒரு காலை இன்னொரு காலின் குறுக்கே போடாமல், முழங்காலை லேசாக மடக்கி, நெட்டைப் பார்த்தபடியே நகர்வது. குறுக்கே போட்டால் அந்த ஒரு பந்தை எடுத்துவிடலாம். திரும்பி நடுவுக்கு வருவதற்குள் கால் பின்னிக்கொள்ளும். ஒற்றைக்காலில் நிற்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு. நெட் அருகே விழும் ஷட்டிலை எடுக்க ராக்கெட் பிடித்த பக்கத்துக் காலை நீட்டி வைக்கும்போது உடம்பின் கனம் முழுக்க அந்தக் காலில் இறங்கும். அங்கிருந்து உந்தித் திரும்பி வர வேண்டும். நிற்கவே தடுமாறும் கால் உந்துவது எங்கே?

எறிவதுதான் எனக்குப் பிடித்த பயிற்சி. பந்தை ஓங்கி எறிவதும், தலைக்கு மேலே வரும் ஷட்டிலை அடிப்பதும், டென்னிஸ் சர்வீஸும் ஏறக்குறைய ஒரே அசைவு. உங்கள் மகளிடம் ஒரு பந்தைக் கொடுத்து, முடிந்தவரை தூரமாக எறியச் சொல்லுங்கள். வலக்கைக்காரி என்றால் இடக்கால் முன்னே இருக்க வேண்டும், உடம்பு பக்கவாட்டில் திரும்பியிருக்க வேண்டும், முழங்கை தோள் உயரத்துக்கு வர வேண்டும். வலக்காலை முன்வைத்து நெஞ்சை நேரே காட்டிக்கொண்டு எறிகிறாள் என்றால், ஷட்டிலையும் அவள் அடிக்க மாட்டாள், தள்ளத்தான் செய்வாள். இதை ராக்கெட் கொடுத்துத் திருத்துவதைவிடப் பந்து கொடுத்துத் திருத்துவது எவ்வளவோ சுலபம்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். கடைசிப் பத்து நிமிடமாவது ராக்கெட் தருகிறாரே, அது நல்லது. ஒரு வகுப்பு முழுக்க எதையுமே அடிக்காமல் பிள்ளை வீடு திரும்பினால் நானும் உங்கள் கட்சிதான். அடிக்க ஆசைப்பட்டுத்தானே வந்தாள்!

வீட்டில் ஷட்டிலைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள். ஒரு பலூன் போதும். தரையில் விழாமல் முதலில் உள்ளங்கையால் தட்டட்டும், பிறகு புறங்கையால், அப்புறம் ராக்கெட்டால். பலூன் மெதுவாக இறங்குவதால் கண்ணும் காலும் ஆற அமரச் சேர்ந்து வேலை செய்ய நேரம் கிடைக்கிறது. அது பழகியதும் ஷட்டிலுக்கு வாருங்கள். அதையும் ராக்கெட்டால் அடித்துக் கொடுக்காதீர்கள் (நம் அடி எங்கே போகும் என்று நமக்கே தெரியாது!). மூன்று நான்கு அடி தள்ளி நின்று, கையால் உயரமாக, அவள் உடம்பை நோக்கி இல்லாமல் ராக்கெட் பக்கம் கொஞ்சம் முன்னே விழுகிற மாதிரி போடுங்கள். ராக்கெட்டைக் கைகுலுக்குவது போலப் பிடிக்கச் சொல்லுங்கள். விரல்கள் தளர்ந்திருக்கட்டும், அடிபடும் கணத்தில் மட்டும் இறுகினால் போதும். நீங்கள் போடும் நேரத்துக்கு அவள் ஒரு குட்டித் துள்ளல் துள்ளி, முன்பாதத்தில் இறங்கட்டும். பெரிய ஆட்டக்காரர்களும் எதிராளி அடிக்கும் ஒவ்வொரு முறையும் அதைத்தான் செய்கிறார்கள். எந்தப் பக்கம் வேண்டுமானாலும் கிளம்பக் கால் தயாராகிவிடும்.

டென்னிஸ் சுலபமா என்றால், ஒரு விதத்தில் ஆமாம். பந்து ஒரு முறை தரையில் எழும்பும் வரை காத்திருக்கலாம், கணிக்க நேரம் கூடுதல். பாட்மிண்டனில் அந்தச் சலுகை கிடையாது. 5 கிராம் அளவே உள்ள ஷட்டில் விறுவிறுவென்று வந்து சட்டென்று வேகம் குறைந்து விழுந்துவிடும். ஆனால் வழக்கமான மஞ்சள் டென்னிஸ் பந்து 8 வயதுப் பிள்ளையின் தலைக்கு மேலே எழும்பிப் போகும். அதனால்தான் சிறுவர்களுக்கென்று சிவப்பு, ஆரஞ்சு, பச்சைப் பந்துகள் வந்தன. சிவப்புப் பந்து சுமார் 75 சதவீதம் மெதுவானது. அதற்கான கோர்ட் 11, 12 மீட்டர் நீளம்தான், பெரியவர்களின் கோர்ட் 23.77 மீட்டர். 2012 முதல், 10 வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் வழக்கமான மஞ்சள் பந்தைப் பயன்படுத்தக்கூடாது என்று சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு விதியே வைத்திருக்கிறது. என்றாவது டென்னிஸில் சேர்த்தால், எந்தப் பந்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். டேபிள் டென்னிஸில் ஓட்டம் குறைவு, வேகம் அதிகம். பின்னால் மனம் மாறி எதற்குத் தாவினாலும் இப்போது பழகும் காலும் கண்ணும் கூடவே வரும். அவள் கேட்டது பாட்மிண்டன், இப்போதைக்கு அதையே ஆடட்டும்.

கடைசியாக ராக்கெட். விலை உயர்ந்தது வேண்டவே வேண்டாம். குட்டையான ஜூனியர் ராக்கெட், மெல்லிய கைப்பிடி, ரொம்ப இறுக்காத நரம்பு, அவ்வளவுதான். நரம்பு தளர்வாக இருந்தால்தான் சின்னக் கைக்கு ஷட்டில் தூரம் போகும். செலவு செய்தே ஆக வேண்டும் என்றால் ஷூவுக்குச் செய்யுங்கள். ஓடுவதற்கான ஷூக்களில் குதிகால் பெரும்பாலும் உயரமாகவும் மெத்தென்றும் இருக்கும். நேராக ஓட நல்லது, பக்கவாட்டில் சட்டென்று நிற்கும்போது கணுக்கால் பிரண்டுவிடும். அவள் இப்போது அப்படிப்பட்ட ஷூவோடு வகுப்புக்குப் போகிறாள் என்றால், தட்டையான அடிப்பாகம் உள்ள கோர்ட் ஷூவாக மாற்றிவிடுங்கள்.