பந்து திரும்பி வர வேண்டும்

அன்புள்ள ஐயா,

தேனிப் பக்கத்து நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து மதுரை–போடி ரயில் பாதையின் கதையை ஆறு பாக ஆவணப்படமாக எடுத்துவருகிறோம். முதல் பாகம் எடிட்டிங்கில் இருக்கிறது. பாதிச் செலவை ஏற்கும் ஏலக்காய் வியாபாரி தன் பெயர்தான் முதலில் வர வேண்டும் என்கிறார். மாணவர்களை அனுப்பி உதவும் கல்லூரியும் அதையே கேட்கிறது. டைட்டிலில் யார் பெயரை எங்கே போடுவது என்று எங்களுக்குள்ளேயே சண்டை. கடைசியில் 'நன்றி: ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்கள்' என்று ஒரு கார்டு வைத்திருக்கிறோம். ட்ரோன் காட்சிகளுக்கு என்ன மாதிரி இசை பொருந்தும் என்றும் சொல்லுங்கள்.

எம்.

அன்புள்ள எம்.,

பாம்பன் பக்கம் போகாமல் போடிப் பாதையைப் பிடித்தீர்களே, அதற்கே உங்கள் ஐந்து பேருக்கும் ஒரு வேளைச் சாப்பாடு போடலாம். பாலத்தை எடுக்க ஆள் இருக்கிறது. 1928-இல் வந்து, உலகப் போர் சமயத்தில் தண்டவாளத்தையே பெயர்த்துக் கொண்டுபோய், 1950-களில் திரும்பப் போட்ட பாதையை எடுக்க ஆள் இல்லை. 2010 டிசம்பரோடு மீட்டர் கேஜ் வண்டியும் நின்றது. அகலப் பாதையில் தேனிக்கு வண்டி வர 2022 ஆனது, போடிக்கு 2023. ரயிலை இரண்டு தடவை பறிகொடுத்து இரண்டு தடவை திரும்ப வாங்கிய ஊர்க்காரர்கள் நீங்கள். நன்றாக எடுங்கள்.

ட்ரோன் இசை பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆண்டிபட்டிக் கணவாயை மேலேயிருந்து பார்த்தால் அழகாகத்தான் இருக்கும். எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு முன்னால் ரயில்வேயிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள்.

அந்தக் கார்டுக்கு வருகிறேன். ஏலக்காய்க்காரருக்குப் பெயர் இருக்கிறது, கல்லூரிக்குப் பெயர் இருக்கிறது, உங்கள் ஐந்து பேருக்கும் இருக்கிறது. தண்டவாளத்தில் நடந்து காலம் தள்ளியவர்களுக்கு மட்டும் 'ஊழியர்கள்' போதுமா? நாள் தவறாமல் சுத்தியலோடு தன் எல்லை முழுக்க நடந்து, தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் சாவி என்கிற இரும்புத் துண்டுகளில் கழன்றதை அடித்து இறுக்கிய கீமேனிடம் இரண்டு மணி நேரம் பேட்டி எடுத்திருப்பீர்கள். அவர் வீட்டுக் காபியைக் குடித்திருப்பீர்கள். பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளக் கை வரவில்லை, அப்படித்தானே?

கோபம் உங்கள் மேல் மட்டும் இல்லை. போன வாரம் அப்பாவின் டிரங்குப் பெட்டியைக் காலி செய்தேன். அதிலிருந்தே மனசு சரியில்லை.

அப்பா ராமேசுவரம் பாதையில், மீட்டர் கேஜ் காலத்தில், ஒரு சின்ன ஸ்டேஷனில் பாயிண்ட்ஸ்மேன். ஒற்றைப் பாதை. அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் வழி உனக்குத்தான் என்பதற்கு அத்தாட்சி ஓர் இரும்புப் பந்து. இரண்டு ஸ்டேஷன் மாஸ்டர்களும் மணியடித்துப் பேசிக்கொண்ட பிறகுதான் ஸ்டேஷனில் இருக்கிற இயந்திரத்திலிருந்து அது விழும். அதைத் தோல் பையில் போட்டு, பிரம்பு வளையத்தில் கட்டி, நிற்காமல் போகிற வண்டிக்கு அப்பா தூக்கிப் பிடிப்பார். ராத்திரியானால் மற்றக் கையில் பந்தம். என்ஜினிலிருந்து ஒரு கை நீளும், வளையம் அந்தக் கையில் மாட்டிக்கொண்டு போய்விடும். அதே நேரத்தில் அவர்கள் கொண்டுவந்த பழைய வளையத்தைக் கீழே எறிவார்கள். அது சில நாள் உருண்டு கருவேலம் புதருக்குள் போய்விடும். தேடி எடுத்து வருவது என் வேலை. முள் கிழிக்கும். மாஸ்டர் வாசலில் நின்று "கிடைச்சுதாடா?" என்று கத்துவார். அந்தப் பந்து திரும்பி இயந்திரத்துக்குள் போகாத வரை அந்தப் பக்கத்துக்கு அடுத்த வண்டி கிடையாது. எவ்வளவு பெரிய மெயிலாக இருந்தாலும் நிற்க வேண்டியதுதான்.

அப்பா வளையத்தைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கிற படம் ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. அவர் வேலை செய்கிற மாதிரி இருந்த ஒரே படம். சில வருஷங்களுக்கு முன்னால் உங்களைப் போலவே ரயில் படம் எடுக்கிறவர்கள் வந்தார்கள். நல்ல பிள்ளைகள்தான். மூன்று மணி நேரம் பேசவைத்தார்கள். 'ஸ்கேன் செய்துவிட்டுத் தருகிறோம் தாத்தா' என்று படத்தைச் சட்டத்தோடு வாங்கிக்கொண்டு போனார்கள். அவர்கள் எடுத்த ரயில் படம் வெளிவந்தது. என் போனில் அப்பாவுக்குக் காட்டினேன். அவர் வந்தது சில நொடி, கீழே 'ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்'. அவர் அதற்காக வருத்தப்படவில்லை. "அந்தப் போட்டோவ எப்பத் தருவாங்களாம்?" என்று மட்டும் கேட்டார். அப்புறம் ஒவ்வொரு பொங்கலுக்கும் வெள்ளையடிக்கும்போது ஆணி மட்டும் இருக்கிற அந்தச் சுவரைப் பார்த்துவிட்டுக் கேட்பார். நான் போன் செய்வேன், 'இந்த வாரம் அனுப்பிவிடுகிறோம் சார்' என்பார்கள். அப்பா போய்ச் சேர்ந்தார். பெட்டிக்குள் படம் இருக்குமோ என்று ஒரு நப்பாசையில்தான் திறந்தேன். பென்ஷன் புத்தகமும் விசிலும் இருந்தன.

அதனால் சொல்கிறேன். பணம் கொடுத்தவர் மட்டும் உங்கள் பங்காளி இல்லை. படம் கொடுத்தவரும் பங்காளி, பேச்சுக் கொடுத்தவரும் பங்காளி. யாரிடம் என்ன வாங்கினோம், என்றைக்குத் திருப்பித் தருவோம் என்று இரண்டு பிரதி எழுதி, ஒன்றை அவர் கையில் கொடுங்கள். முடிந்தால் படத்தை வீட்டை விட்டே எடுத்துப் போகாதீர்கள். சின்ன ஸ்கேனர் பைக்குள் அடங்கிவிடும். எடிட் செய்ததை வெளியிடும் முன் அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டுங்கள். பெயருக்கு இனிஷியல் உட்பட எழுத்து சரியா என்று கேளுங்கள். ஒருவரிடம் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்காமல் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டாதீர்கள்.

1950-களில் அந்தத் தண்டவாளத்தைத் திரும்பப் போட்டபோது இருபது வயதில் கூலிக்குப் போனவர் யாராவது இருந்தால், இன்றைக்குத் தொண்ணூறு தாண்டியிருப்பார். இசையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், நாளைக்கே ஆண்டிபட்டிப் பக்கம் கிளம்புங்கள்.

டைட்டில் வரிசை கேட்டிருந்தீர்கள். எல்லோரையும் அகர வரிசையில் போடுங்கள். ஏலக்காய்க்காரர் கோபித்துக்கொண்டால் என் நம்பரைக் கொடுங்கள், நான் பேசுகிறேன்.