டிரைவர் வரும் முன்னே, ஆவணம் வரும் பின்னே

வாசகர் கேள்வி – பதில்

லினக்ஸின் மையமான கெர்னலில் புதிதாகச் சேரும் ஒரு நெட்வொர்க் டிரைவரின் (நெட்வொர்க் கார்டை இயக்கும் நிரலின்) ஆவணத்தைச் சரிபார்ப்பது எப்படி என்று சேலம் பக்கத்திலிருந்து இந்த முறை பல கடிதங்கள் வந்திருக்கின்றன. கட்டளைகளை வாயால் சொல்கிறபடியே தமிழில் அச்சிட்டிருக்கிறோம். தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: கணினிப் பொறியியல் இறுதியாண்டு படிக்கிறேன். ஒரு 2.5 ஜிகாபிட் ஈதர்நெட் டிரைவரின் பேட்ச் (கோட் மாற்றம்) தொகுப்பை சீனியர் அண்ணா ஒருவர் அனுப்பி, ஆவணத்தை மட்டும் பார்த்துக் கருத்துச் சொல்லச் சொன்னார். என் ஆங்கிலம் சுமார்தான். சி மொழியும் பாடத்தில் படித்த அளவுதான். எங்கே ஆரம்பிப்பது?
— வாசகி, கருப்பூர்

பதில்: ஆங்கிலம் சுமாராக இருப்பது இந்த வேலைக்குப் பெரிய குறை இல்லை. காற்புள்ளி திருத்த ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். ஆவணம் சொல்வதைத்தான் கோட் செய்கிறதா என்று பார்க்கத்தான் ஆள் கிடைப்பதில்லை.

ஆவணத்தை அச்செடுத்துக்கொண்டு பேனாவோடு உட்காருங்கள். எண், கட்டளை, கோப்புப் பெயர், கெர்னல் ஆப்ஷன் பெயர் என எது வந்தாலும் அடிக்கோடு போடுங்கள். மற்ற வரிகளை இப்போதைக்கு விட்டுவிடலாம். அடிக்கோடு விழுந்த ஒவ்வொன்றுக்கும் கோட்டில் ஓர் இடம் இருந்தாக வேண்டும். 'கிட் கிரெப்' போட்டுத் தேடிப் பாருங்கள்.

ஓர் உதாரணம். ஆவணத்தில் "ஜம்போ ஃபிரேம் உண்டு, எம்டியு 9018 வரை" என்று இருக்கிறது. பார்த்ததுமே சந்தேகம் வர வேண்டும். ஃபிரேம் என்பது கம்பியில் போகும் ஒரு பொட்டலம்; வழக்கத்தைவிடப் பெரியது ஜம்போ. எம்டியு என்பது ஃபிரேமுக்குள் போகும் சரக்கின் உச்ச அளவு. அதன்மேல் 14 பைட் தலைப்பும், கடைசியில் 4 பைட் எஃப்சிஎஸ்ஸும் (பிழை கண்டறியும் குறியீடு) சேர்ந்தால்தான் முழு ஃபிரேம். 9000 கூட்டல் 18, ஆக 9018. விலேன் டேக் (ஒரே கம்பியில் தனித்தனி நெட்வொர்க்குகளைப் பிரிக்கும் அடையாளம்) இருந்தால் இன்னும் 4 சேர்ந்து 9022. எழுதியவர் சிப்பின் டேட்டாஷீட்டிலிருந்த ஃபிரேம் அளவை அப்படியே எடுத்து எம்டியு என்று போட்டிருக்கிறார். அடிக்கடி நடக்கிற தவறு இது.

அடுத்து கோட்டில் 'மேக்ஸ் எம்டியு' என்ற புலத்தைத் தேடுங்கள். டிரைவர் அதற்கு மதிப்பே கொடுக்கவில்லை என்றால், ஈதர்நெட் கார்டுகளுக்குக் கெர்னல் தானாக வைப்பது 1500. அப்போது ஆவணம் ஜம்போ உண்டு என்று எவ்வளவு அழுத்திச் சொன்னாலும், 1501 என்று கேட்ட உடனே 'சாதனத்தின் உச்ச அளவைவிட எம்டியு அதிகம்' என்ற பிழைதான் வரும். கார்டு கையில் இருந்தால் 'ஐபி ஹைஃபன் டி லிங்க் ஷோ' கட்டளையே 'மின்எம்டியு', 'மேக்ஸ்எம்டியு' இரண்டையும் காட்டிவிடும். கார்டு இல்லாவிட்டாலும் கோட்டைப் பார்த்தே இதைக் கண்டுபிடிக்கலாம்.

ஆதரிக்கும் சாதனங்களின் பட்டியலையும் இப்படியே பாருங்கள். ஆவணத்திலுள்ள பிசிஐ எண்களையும் (கார்டு மாடலின் அடையாள எண்கள்), கோட்டில் பிசிஐ ஐடி அட்டவணையில் இருப்பவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஆவணத்தில் மட்டும் இருக்கும் மாடல் என்றால், அதை வாங்கியவர் செருகிவிட்டு 'கார்டு தெரியவில்லையே' என்று தவிப்பார். மாட்யூல் (தனியாக ஏற்றக்கூடிய டிரைவர் கோப்பு) பெயரை மேக்ஃபைலோடும், மெனுகான்ஃபிக் (கெர்னல் ஆப்ஷன்களைத் தேர்வு செய்யும் பட்டி) வழியை கேகான்ஃபிக் கோப்போடும் ஒப்பிட்டுவிடுங்கள். மெயின்டெய்னர்ஸ் கோப்பில் இந்த டிரைவருக்கான பதிவில் ஆவணத்தின் பாதை 'எஃப்' வரியாக இருக்கிறதா என்பதும் முக்கியம். அது விடுபட்டால், நாளை யாராவது அந்த ஆவணத்தை மாற்றும்போது டிரைவரைப் பராமரிப்பவருக்கு மெயில் போகாது.

கேள்வி: நெட் அடிக்கடி அறுந்துபோகும் இடம். லேப்டாப்பில் 4 ஜிபி ராம்தான். கெர்னல் சோர்ஸ் இறக்க ஆரம்பித்தால் பாதியில் நின்று, மறுபடி முதலிலிருந்து. ஆவணத்தை பில்ட் செய்து பார்க்க வேறு வழி உண்டா?
— எஸ்டேட் அலுவலகக் கணினிப் பொறுப்பாளர், நாகலூர், ஏற்காடு

பதில்: 'கிட் க்ளோன்' பாதியில் நின்றால் விட்ட இடத்திலிருந்து தொடராது. முழு வரலாறும் பல ஜிபி. 'டெப்த் 1' கொடுத்தால் சில நூறு எம்பியாகக் குறையும், ஆனால் அதுவும் ஒரே மூச்சில் இறங்க வேண்டும். உங்கள் நிலைமைக்கு கெர்னல் தளத்தில் கிடைக்கும் டார் கோப்புதான் நல்லது. 6.6 பதிப்பு சுமார் 140 எம்பி. 'டபிள்யூகெட் ஹைஃபன் சி' போட்டால் எத்தனை முறை அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்து இறங்கும். பேட்சுகள் 'நெட்-நெக்ஸ்ட்' மரத்துக்காக (அடுத்த பதிப்புக்கான நெட்வொர்க் கோட் தொகுப்பு) எழுதப்பட்டவை என்பதால், ஆவணங்களின் பட்டியல் கோப்பில் ஓரிரு வரிகள் ஒட்டாமல் போகலாம். ஆவணத்தைப் படித்து பில்ட் செய்ய அது தடையில்லை. அந்த வரியைக் கையால் சேர்த்துவிடுங்கள்.

கெர்னல் ஆவணங்களை வலைப்பக்கமாக்கும் கருவி ஸ்ஃபிங்க்ஸ். பில்ட் செய்யும் முன் 'ஸ்கிரிப்ட்ஸ்' கோப்புறையில் இருக்கும் 'ஸ்ஃபிங்க்ஸ்-ப்ரீ-இன்ஸ்டால்' ஸ்கிரிப்டை ஓட்டுங்கள். என்னென்ன பொதிகள் குறைகின்றன என்று சொல்லும். பிடிஎஃப் வேண்டாம் என்ற ஆப்ஷனோடு ஓட்டுங்கள். இல்லையென்றால் லேடெக் பொதிகளும் பட்டியலில் சேர்ந்து, இருக்கிற டேட்டா அதிலேயே கரைந்துவிடும். பிறகு 'மேக்' கட்டளையில் 'ஸ்ஃபிங்க்ஸ்டர்ஸ்' என்பதற்கு 'நெட்வொர்க்கிங்' என்று கொடுத்து 'எச்டிஎம்எல்டாக்ஸ்' போடுங்கள். அந்தப் பகுதி மட்டும் பில்ட் ஆகும். மொத்த ஆவணங்களையும் பில்ட் செய்ய 4 ஜிபி திணறும்.

எச்சரிக்கைகள் கொட்டும், பயப்படாதீர்கள். ஒரு பகுதியை மட்டும் பில்ட் செய்யும்போது வேறு பகுதிகளைச் சுட்டும் இணைப்புகள் கிடைக்காது, அதனால் வருபவை பல. பேட்ச் போடும் முன் ஒருமுறை பில்ட் செய்து எச்சரிக்கைகளை ஒரு கோப்பில் சேமியுங்கள். 'மேக் க்ளீன்டாக்ஸ்' போட்டுத் துடைத்து, பேட்ச் போட்டு, மறுபடி பில்ட் செய்து 'டிஃப்' பாருங்கள். புதிதாக வந்தவைதான் இந்த ஆவணத்தின் கணக்கு. பெரும்பாலும் இவற்றில் ஒன்றாக இருக்கும்: தலைப்பின் கீழ்க்கோடு தலைப்பைவிடச் சிறியது, எந்தப் பட்டியலிலும் சேராத கோப்பு, கட்டளைக்கு முன் இரட்டைக் கோலன் விட்டுப்போனது. இவற்றில் மூன்றாவது மட்டும் பல நேரம் எச்சரிக்கை தராமலே நழுவிவிடும். பக்கத்தை பிரௌசரில் திறந்து கண்ணால் பார்த்தால்தான் நான்கு கட்டளைகள் ஒரே பத்தியாக ஒட்டிக் கிடப்பது தெரியும்.

கேள்வி: எங்களிடம் வந்த ஆவணத்தில் பாதிக்குமேல், மாட்யூலை ஏற்றும் 'மாட்ப்ரோப்' கட்டளையோடு கொடுக்கும் அளவுருக்கள்தான்: ரிங் (கார்டின் பாக்கெட் வரிசை) அளவு, க்யூ எண்ணிக்கை, இன்டரப்ட் இடைவெளி. இது சரியா?
— சூரமங்கலம் வாசகர்

பதில்: சரியில்லை. நிறுவனம் தன் தளத்தில் தனியாகக் கொடுத்துவந்த பழைய ரீட்மீ கோப்பை அப்படியே தூக்கி வைத்திருக்கிறார்கள். கெர்னலின் நெட்வொர்க் பகுதியில் இப்படிப்பட்ட மாட்யூல் அளவுருக்களைப் புதிய டிரைவர்களுக்கு ஏற்பதில்லை. காரணம் எளிது. ஒரே கணினியில் இரண்டு கார்டுகள் இருந்தால் மாட்யூல் அளவுரு இரண்டுக்கும் சேர்த்தே விழும். டிரைவருக்கு டிரைவர் பெயரும் மாறும். ரிங் அளவுக்கு 'ஈத்டூல் ஹைஃபன் கேபிட்டல் ஜி', சேனல்களுக்கு (அதாவது க்யூக்களுக்கு) 'கேபிட்டல் எல்', இன்டரப்ட் இடைவெளிக்கு 'கேபிட்டல் சி' என்று எல்லாக் கார்டுக்கும் பொதுவான கட்டளைகள் இருக்கின்றன. ஆவணத்திலும் அவைதான் இருக்க வேண்டும். கோட்டில் அளவுருக்கள் உண்மையிலேயே இருந்தால் ஆவணத்தை மட்டும் திருத்தச் சொல்லி விட்டுவிடாதீர்கள், அதையும் மெயிலில் குறிப்பிடுங்கள்.

அதே ரீட்மீயிலிருந்து வந்திருக்கும் 'டார் கோப்பைப் பிரித்து மேக் இன்ஸ்டால் செய்க' பகுதியும், டிரைவர் பதிப்பு எண்ணும், 'உலகத் தரம்' வகைப் புகழுரைகளும் போக வேண்டும். கெர்னலோடு சேர்ந்து வரும் டிரைவருக்குக் கெர்னல் பதிப்புதான் பதிப்பு.

அவர்கள் எழுதாமல் விட்டதையும் கேளுங்கள். ஃபர்ம்வேர் (கார்டுக்குள் ஏற்ற வேண்டிய நிரல்) தேவையா, கோப்பின் பெயர் என்ன, 'லிப்' கோப்புறைக்குள் 'ஃபர்ம்வேர்' என்ற இடத்தில் எங்கே வைப்பது? இது இல்லாத ஆவணத்தை நம்பி இறங்கியவருக்குக் கெர்னல் செய்திகளைக் காட்டும் 'டிமெசெஜ்' பதிவில் ஃபர்ம்வேர் ஏறவில்லை, பிழை மைனஸ் 2 என்ற வரி மட்டும் மிஞ்சும். மைனஸ் 2 என்றால் கோப்பே இல்லை என்று பொருள்.

கேள்வி: ஈத்டூல் ஹைஃபன் கேபிட்டல் எஸ் போட்டா 60 கவுன்டருக்கு மேல வருது. ஆவணத்துல எல்லாத்துக்கும் விளக்கம் கேக்கணுமா? கேட்டா அடிக்க வருவாங்களோன்னு இருக்கு!
— ஆத்தூர் வாசகர்

பதில்: அடிக்க மாட்டார்கள், ஆனால் எல்லாவற்றுக்கும் கேட்காதீர்கள். முதலில், அந்த அறுபதில் எவை பொதுக் கவுன்டர்கள் என்று பிரியுங்கள். வந்த பாக்கெட், போன பாக்கெட், சிஆர்சி பிழை போன்றவை 'ஐபி ஹைஃபன் எஸ் ஹைஃபன் எஸ் லிங்க் ஷோ' கட்டளையிலேயே கிடைக்கும். அவற்றை டிரைவர் தனியாகத் திரும்பவும் காட்டக் கூடாது. காட்டினால் விளக்கம் கேட்பதற்குப் பதில் நீக்கச் சொல்லுங்கள். மிஞ்சும் சிப்புக்கே உரிய கவுன்டர்களுக்கு ஆளுக்கொரு வரி விளக்கம் கேட்டால் போதும்.

பெயர் சரியாக இருந்தும் அர்த்தம் மாறிக் கிடப்பதுதான் உண்மையான தொல்லை. 'ஆர்எக்ஸ் டிராப்டு' என்பது கணினிவரை வந்து, வளம் போதாமலோ புரோட்டோகால் தெரியாமலோ கைவிடப்பட்டவை. கார்டிலேயே பஃபர் நிரம்பி விழுந்தவை 'ஆர்எக்ஸ் மிஸ்டு' கணக்கில் வர வேண்டும். டிரைவர் இரண்டையும் முதலாவதில் கொட்டினால், ரிங் அளவைக் கூட்ட வேண்டியவர் ஃபயர்வாலைக் குடைந்துகொண்டிருப்பார்.

பைட் கணக்கையும் சோதியுங்கள். கெர்னல் விதிப்படி ஈதர்நெட் பைட் கவுன்டரில் எஃப்சிஎஸ்ஸின் 4 பைட் சேரக் கூடாது. இரண்டு கணினிகளை ஒரே கேபிளால் நேரடியாக இணையுங்கள், நடுவில் ஸ்விட்ச் வேண்டாம். கவுன்டரைக் குறித்துக்கொண்டு, 56 பைட் அளவில் 1000 பிங் அனுப்புங்கள். ஒவ்வொரு ஃபிரேமும் 56, ஐசிஎம்பி தலைப்பு 8, ஐபி தலைப்பு 20, ஈதர்நெட் தலைப்பு 14, மொத்தம் 98 பைட். வாங்கும் பக்கத்தில் கவுன்டர் சுமார் 98,000 கூடியிருந்தால் சரி. ஏஆர்பி (முகவரி கேட்கும் பொட்டலங்கள்) போன்றவற்றால் சில நூறு பைட் கூடுதலாக வரும். 1,02,000 பக்கம் போயிருந்தால் எஃப்சிஎஸ்ஸைச் சேர்த்து எண்ணுகிறது. அப்படிப்பட்ட ஒரு மெயில், ஆவணத்தின் வாக்கியங்களைத் திருத்தும் இருபது மெயில்களைவிட மேல்.

கேள்வி: இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஏற்கெனவே இழுத்திருந்த கேபிளில் புதிய கார்டைப் போட்டுப் பார்த்தோம். ஆவணத்தில் 2.5 ஜிகாபிட் என்றிருக்கிறது. எங்களுக்கு 100 மெகாபிட்டில்தான் ஏறுகிறது. லிங்க்கும் விழுந்து விழுந்து எழுகிறது. ஆவணம் தவறு என்று எழுதிவிடலாமா?
— விடுதி மேலாளர், ஏற்காடு

பதில்: அவசரப்படாதீர்கள். 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடிக் கம்பி போதும். ஜிகாபிட்டுக்கும் 2.5 ஜிகாபிட்டுக்கும் நான்கு ஜோடியும் வேண்டும். மலை ஈரத்தில் ஆர்ஜே45 முனையில் பச்சை பூத்து ஒரு ஜோடி விட்டுப்போனால், பல கார்டுகள் தாமாகவே 100-க்கு இறங்கிக்கொள்ளும். கார்டையும் எதிர்க் கணினியையும் ஒரே மேசையில் வைத்து, 2 மீட்டர் கேட் 5இ பேட்ச் கார்டால் இணைத்துப் பாருங்கள். அப்போது 2.5 வந்தால் குற்றம் கேபிளில்தான். கெர்னல் 5.8-லிருந்து 'ஈத்டூல்' கேபிள் டெஸ்ட்டும் செய்யும். கம்பியோடு பேசும் பிஹெச்ஒய் சிப்பின் டிரைவர் அதற்கு ஒத்துழைத்தால், எந்த ஜோடி எத்தனை மீட்டரில் அறுந்திருக்கிறது என்றே சொல்லும். சோதனையின்போது லிங்க் விழும், அதே கேபிள் வழியாக எஸ்எஸ்எச்சில் உட்கார்ந்துகொண்டு ஓட்டாதீர்கள்.

கட்டடங்களுக்கு நடுவே செம்புக் கேபிள் வேண்டாம் என்பது தனிக் கதை. சித்திரை, வைகாசி இடி ஒன்று போதும், இரண்டு முனையிலும் போர்ட் போய்விடும். ஃபைபர் இழுத்து, இரு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர் போடுங்கள்.

ஆவணத்தில் ஒன்றை மட்டும் பாருங்கள். செம்பில் ஜிகாபிட்டிலிருந்து மேலே ஆட்டோ-நெகோஷியேஷன் (இரு முனைகளும் வேகத்தைத் தாமே பேசி முடிவு செய்வது) கட்டாயம். 2.5 ஜிகாபிட் வேகத்தை வைக்க 'ஆட்டோநெக் ஆஃப்' என்று எடுத்துக்காட்டுக் கட்டளை கொடுத்திருந்தால், அது ஆவணத்தின் தவறு. அதை எழுதுங்கள்.

கேள்வி: ரிவ்யூ மெயில் எப்படி எழுத வேண்டும்? 'ரிவ்யூடு-பை' போட எனக்குத் தகுதி உண்டா?
— அம்மாபேட்டை வாசகர்

பதில்: வெறும் உரையாக எழுதுங்கள். எச்டிஎம்எல் மெயிலை நெட்வொர்க் மெயில் பட்டியல் திருப்பிவிடும். வந்த மெயிலுக்கு 'ரிப்ளை ஆல்' கொடுத்து, சம்பந்தப்பட்ட வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் கீழும் கருத்தைச் சொல்லுங்கள். மேலே எழுதிவிட்டு 300 வரி பேட்சைக் கீழே தொங்கவிடாதீர்கள். 'இது தவறு' என்று நிறுத்தாமல் 'கோட்டில் இன்ன கோப்பில் 9000 இருக்கிறது, ஆவணத்தில் 9018' என்று ஆதாரத்தோடு சொன்னால் பதில் சீக்கிரம் வரும்.

'ரிவ்யூடு-பை' என்றால் அந்த பேட்சைப் பார்த்தேன், தகுதியானது என்று நம்புகிறேன் என்ற பொறுப்பு. ஆவணம் தனி பேட்சாக இருந்தால் அதற்குத் தாராளமாகப் போடலாம். டிரைவர் கோட்டோடு ஒரே பேட்சில் இருந்து, நீங்கள் ஆவணத்தை மட்டும் படித்திருந்தால், அதைச் சொல்லிவிட்டுக் கருத்தோடு நிறுத்துங்கள். கட்டளைகளைக் கார்டில் ஓட்டிப் பார்த்திருந்தால் 'டெஸ்டட்-பை' பொருத்தம், எந்தக் கார்டு, எந்தக் கெர்னல் என்று ஒரு வரி சேருங்கள்.

எழுதியவர் அடுத்த பதிப்பை 24 மணி நேரத்துக்குள் அனுப்பக் கூடாது என்பது அங்கே விதி. ஆகவே அன்றைக்கே பதில் வரவில்லை என்று கவலை வேண்டாம். மெர்ஜ் விண்டோ (புதிய கோட்டைக் கெர்னலில் சேர்க்கும் காலம்) நடக்கும் ஏறக்குறைய இரண்டு வாரம் 'நெட்-நெக்ஸ்ட்' மூடியிருக்கும். அப்போது புதிய பேட்ச் எடுக்க மாட்டார்கள், ரிவ்யூ மட்டும் செய்யலாம்.

கேள்வி: நான்கு எழுத்துப்பிழைகள் மட்டும் கண்டேன். அனுப்பலாமா?
— ஓமலூர் வாசகி

பதில்: அனுப்புங்கள், நான்கையும் ஒரே மெயிலில். அதற்கு முன் 'செக்பேட்ச்' ஸ்கிரிப்டை 'கோட்ஸ்பெல்' ஆப்ஷனோடு ஒருமுறை ஓட்டுங்கள், இன்னும் சில சிக்கும்.