கொரோனாவுக்கு அத்தனை ஆய்வுகள் நடந்தும் தெளிவான பதில் ஏன் சீக்கிரம் வரவில்லை?

ஆய்வுகள் அதிகமாக இருந்ததும் ஒரு காரணம்தான். மலேரியாவுக்குக் கொடுக்கும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரையையே எடுத்துக்கொள்ளுங்கள்.

2020 மார்ச்சில் பிரான்ஸின் மார்செய் நகரிலிருந்து, அது கொரோனாவுக்குப் பலன் தருகிறது என்று ஒரு சிறிய ஆய்வு வந்தது. மாத்திரை கொடுக்கப்பட்டவர்கள் 26 பேர். அவர்களில் 6 பேர் கணக்கிலேயே சேரவில்லை; அந்த ஆறில் 3 பேர் ஐசியுவுக்குப் போனவர்கள், ஒருவர் இறந்துபோனவர். மோசமானவர்களைக் கழித்துவிட்டால் எந்த மருந்தும் நல்ல மருந்தாகத்தான் தெரியும்! அந்தக் கட்டுரை 2024 டிசம்பரில்தான் திரும்பப் பெறப்பட்டது.

அதற்குள் இதே மாத்திரைக்கு உலகெங்கும் நூற்றுக்கும் மேற்பட்ட சோதனைகள் பதிவாகிவிட்டன. பல மிகச் சிறியவை. மாத்திரை பெற்றவர்கள் 25 பேர், பெறாதவர்கள் 25 பேர் என்று வையுங்கள். இந்தப் பக்கம் 5 பேர், அந்தப் பக்கம் 6 பேர் இறந்தால் அது மருந்தின் வேலையா, தற்செயலா? சொல்லவே முடியாது. எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்கலாமே என்றால், ஒருவர் கொடுத்த அளவு வேறு, இன்னொருவர் அளந்த விஷயம் வேறு.

பிரிட்டனில் ஊர் கூடித் தேர் இழுத்தார்கள். 'ரெக்கவரி' என்ற ஒரே சோதனையில் 170-க்கும் மேற்பட்ட மருத்துவமனைகள். மாத்திரை பெற்ற 1,561 பேரில் 28 நாட்களுக்குள் இறந்தவர்கள் 27%. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற 3,155 பேரில் 25%. பலனில்லை என்பது 2020 ஜூனிலேயே முடிவாயிற்று. அதே மாதம், அதே சோதனையில், டெக்ஸாமெத்தசோன் என்ற மலிவான பழைய ஸ்டீராய்டு வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைப்பதும் தெரிந்தது.