ஊசி போடும் முன் சொல்லுங்கள்: சிஸ்டரிடம் கேள்வி பதில்

இருதய வார்டிலும் நரம்பியல் வார்டிலும் வேலை பார்த்த செவிலியர் நான். டோஸ் சொல்ல மாட்டேன், அது டாக்டர் வேலை. மாத்திரையை வீட்டில் எப்படிக் கொடுப்பது, எதைக் கவனிப்பது, எப்போது ஓட வேண்டும் என்பதையெல்லாம் கேளுங்கள்.

கரூர்: அம்மாவுக்கு இருதயத்தில் மைட்ரல் வால்வு மாற்றி மெட்டல் வால்வு வைத்திருக்கிறது. இரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம் மாத்திரை போடுகிறார். நேற்று இரவு மறந்துவிட்டார். இன்று இரண்டாகப் போடலாமா சிஸ்டர்?

கூடாது. அன்றைக்கே ஞாபகம் வந்தால் போடலாம். விடிந்துவிட்டால் அதை விட்டுவிட்டு, வழக்கமான நேரத்துக்கு வழக்கமான அளவு மட்டும். ஆனால் நோட்டில் தேதி போட்டு "மறந்தது" என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் அடுத்த ஐ.என்.ஆர். (இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் பரிசோதனை எண்) குறைவாக வரும்போது காரணம் தெரியாமல் டாக்டர் டோஸை ஏற்றிவிடுவார். ஏற்கெனவே இரத்தத்தில் ஓடும் உறைதல் காரணிகளை இந்த மாத்திரை தொடுவதில்லை. கல்லீரல் புதிதாகச் செய்வதைத்தான் தடுக்கிறது. அதனால் இன்று போட்டதன் முழுப் பலன் இரண்டு மூன்று நாள் கழித்தே ஐ.என்.ஆரில் தெரியும். மைட்ரல் இடத்தில் மெட்டல் வால்வு என்றால் பொதுவாக 2.5 முதல் 3.5 வரை வைத்திருக்கச் சொல்வார்கள். இரண்டு வேளை தவறிவிட்டால் அன்றே ஆஸ்பத்திரிக்கு போன் செய்யுங்கள்.

இன்னொன்று. உடம்பு அசதி என்று தெருமுனை கிளினிக்குக்குப் போய் இடுப்பில் சத்து ஊசி போட்டுக்கொள்ள விடாதீர்கள். தசைக்குள் இரத்தம் கட்டிக்கொள்ளும்.

திருச்சி: ஐ.என்.ஆர். பார்க்கத் தேவையில்லாத புது மாத்திரை வந்திருக்கிறதாமே, அப்பாவின் மெட்டல் வால்வுக்கு மாற்றிவிடலாமா?

வேண்டாம். மெட்டல் வால்வுக்கு டாபிகாட்ரான் கொடுத்துப் பார்த்த ஆய்வை இரத்த உறைவும் அதிகம், இரத்தக் கசிவும் அதிகம் என்று பாதியில் நிறுத்தினார்கள். முடிவு 2013இல் வெளியானது. காலில் உறைவு வந்தவர்களுக்கும், வால்வுக் கோளாறு இல்லாமல் இருதயத் துடிப்பு மட்டும் ஒழுங்கற்றவர்களுக்கும் அந்த வகை மாத்திரைகள் நல்லவை. அப்பாவுக்கு இல்லை.

சேலம்: கீரை தொடவே கூடாது என்று டிஸ்சார்ஜ் சமயத்தில் சொன்னார்கள். சரிதானே?

சரியில்லை. கீரையில் வைட்டமின் கே உண்டு, அது இந்த மாத்திரைக்கு எதிராக வேலை செய்யும், உண்மை. அதற்காக அடியோடு நிறுத்தினால் உடம்பில் கே இருப்பு குறைந்துபோய், சின்ன மாற்றத்துக்கெல்லாம் ஐ.என்.ஆர். ஏறி இறங்கும். வாரம் இரண்டு நாள் ஒரு கரண்டி சாப்பிட்டவர் அதையே தொடரட்டும். அதற்கேற்ப டோஸ் அமையும்.

ஈரோடு: மன்னிக்கவும் மேடம், என் மாமனார் கீரை சாப்பிட்டுத்தான் வால்வில் இரத்தக் கட்டி வந்தது. நீங்கள் பொறுப்பில்லாமல் எழுதுகிறீர்கள்.

அவர் எவ்வளவு சாப்பிட்டார், அதற்கு முன் எவ்வளவு சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்று கேட்டீர்களா? கீரையே தொடாதவர் யாரோ சொன்னார்கள் என்று தினம் ஒரு கட்டு சாப்பிட ஆரம்பித்தால் ஐ.என்.ஆர். விழும், கட்டி வரலாம். நானும் அதைத்தான் சொல்கிறேன். திடீர் மாற்றம்தான் ஆபத்து.

சேலம்: அப்படியானால் எனக்குக் கொடுத்த அச்சடித்த தாளில் ஏன் "கீரை தவிர்க்கவும்"?

ஒரே வரியில் எழுத அது சுலபம். அதே தாளில் முட்டைக்கோஸ் இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. அதிலும் கே உண்டு. கீரையை ஒதுக்கிவிட்டு நாள் தவறாமல் கோஸ் பொரியல் சாப்பிடுபவர்களை வார்டில் பார்த்திருக்கிறேன்.

ஈரோடு: ரசத்தில் மல்லித்தழை கூடாது என்கிறார்களே, அதுவும் பொய்யா?

ரசத்தில் மிதக்கும் நாலு இலை எந்த ஐ.என்.ஆரையும் அசைக்காது. தினமும் மல்லிச் சட்டினி என்றால் கணக்கில் வரும். நீங்கள் பயப்பட வேண்டியவை வேறு. காய்ச்சல் வந்து நான்கு நாள் சரியாகச் சாப்பிடாமல் இருப்பது, வயிற்றுப்போக்கு, மெட்ரோனிடசோல், ஃப்ளூகோனசோல், கோ-ட்ரைமாக்சசோல் போன்ற கிருமி மருந்துகள் இதெல்லாம் ஐ.என்.ஆரை ஏற்றும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் இறக்கும். கீரைக்கு இவ்வளவு சண்டை போடுகிறவர்கள், மெடிக்கல் கடையில் மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக் வாங்கும்போது அசிட்ரோம் போடுவதைச் சொல்வதே இல்லை. இரண்டும் சேர்ந்தால் இரத்தக் கசிவு வரலாம்.

நாமக்கல்: முருங்கைக்கீரை?

மேலே படிக்கவும்.

விருதுநகர்: அசிட்ரோம் எலி மருந்தாமே? மாமியார் போட மறுக்கிறார்.

அசிட்ரோமின் இனத்தைச் சேர்ந்த வார்ஃபரின் முதலில் எலி மருந்தாக வந்தது உண்மை, 1948இல். கெட்டுப்போன இனிப்புத் தீவனப் புல்லைத் தின்ற மாடுகள் இரத்தக் கசிவில் இறந்ததை அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஆராயப்போய்க் கண்டுபிடித்த வகை மருந்து அது. மனிதருக்கு அளந்து கொடுக்கிறோம், அளவைப் பார்க்கத்தான் இரத்தப் பரிசோதனை. மாமியாரிடம் எலியை விட்டுவிட்டு வால்வைப் பற்றிப் பேசுங்கள்.

மதுரை: அண்ணனுக்கு மயஸ்தீனியா கிராவிஸ். பைரிடோஸ்டிக்மின் 60 மி.கி. கொடுக்கிறோம். சாப்பிடும்போது புரை ஏறுகிறது. என்ன செய்ய?

இந்த நோயில் நரம்பு அனுப்பும் செய்தி தசைக்குப் போய்ச் சேருவதில் தடை. பயன்படுத்தப் பயன்படுத்தத் தசை சோரும். மாத்திரை வேலை செய்ய அரை மணி முதல் முக்கால் மணி ஆகும், மூன்று நான்கு மணி நேரம் நிற்கும். எனவே சாப்பாட்டுக்கு அரை மணி முன்பே கொடுங்கள். தட்டை வைத்துவிட்டு மாத்திரை கொடுத்தால் மெல்ல வேண்டிய நேரத்தில் பலம் இருக்காது. வயிற்றைப் பிடித்து இழுத்தால் இரண்டு பிஸ்கட்டோடு கொடுக்கலாம். நிமிர்ந்து உட்கார்ந்து, முகவாயைச் சற்றுத் தாழ்த்தி விழுங்கட்டும். கடினமானதைக் காலையில், குழைந்ததை இரவில். பேச்சுக் கொடுக்காதீர்கள். புரை தொடர்ந்தால் நரம்பியல் டாக்டரிடம் இந்த வாரமே காட்டுங்கள்.

மாத்திரையை நீங்களாகக் கூட்டாதீர்கள். அதிகமானாலும் பலவீனம் வரும். எச்சில், வியர்வை, வயிற்றுப்போக்கு, தசைத் துடிப்பு சேர்ந்து வந்தால் அந்தச் சந்தேகம் வர வேண்டும்.

இப்போது முக்கியமானது. விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டரை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். மூச்சுத் தசை சோர்ந்துகொண்டிருக்கும்போதும் அது 97, 98 காட்டும். விழும்போது நேரம் கடந்திருக்கும். ஒரே மூச்சில் 1, 2, 3 என்று சத்தமாக எண்ணச் சொல்லுங்கள். நன்றாக இருக்கும் நாளில் எதுவரை போகிறார் என்று குறித்து வையுங்கள். அது வேகமாகக் குறைந்தாலோ, 20 தொடாமலே மூச்சு வாங்கினாலோ, படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்தாலோ, எச்சிலை விழுங்க முடியாவிட்டாலோ 108.

ஜென்டமைசின், அமிக்காசின், சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின், அசித்ரோமைசின், மெக்னீசியம் ஊசி, புரோப்ரனலால் இவை நோயைக் கிளப்பிவிடும். ஒரு அட்டையில் எழுதி அவர் சட்டைப்பையில் வையுங்கள். சளி என்று கிளினிக்குக்குப் போனாலும் ஊசி மருந்தை எடுக்கும் முன் அட்டையை நீட்டுங்கள்.

தேனி: அப்பா கில்லன் பாரே என்ற நரம்பு நோய் வந்து படுக்கையில் இருக்கிறார். இடது கால் மட்டும் வீங்கிச் சூடாக இருக்கிறது. எண்ணெய் தேய்த்துவிடலாமா?

தேய்க்காதீர்கள். இன்றே இரத்த ஓட்டம் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன். அசையாத காலில் உறைவு வரும், தேய்த்தால் பிய்ந்து நுரையீரலுக்குப் போகலாம். மூச்சு முட்டினாலோ நெஞ்சு வலித்தாலோ ஸ்கேனுக்கு நிற்காமல் ஆம்புலன்ஸ்.

தேனி: நன்றி சிஸ்டர். உறைவு இருக்கிறதாம், உறைவைத் தடுக்கும் எனாக்சபாரின் ஊசி வீட்டில் போடச் சொல்கிறார்கள்.

நல்லவேளை போனீர்கள். தொப்புளிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, தோலைக் கிள்ளிப் பிடித்து, ஊசியை நேராக உள்ளே. முழு சிரிஞ்சும் போடுவதானால் உள்ளே இருக்கும் காற்றுக் குமிழியை வெளியேற்ற வேண்டாம். போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது. இன்று வலப்பக்கம், நாளை இடப்பக்கம். இது தோலுக்கு அடியில் போடுவது, நான் திட்டும் இடுப்பு ஊசி இல்லை.

கடலூர்: மகனுக்கு ஹீமோஃபிலியா ஏ, இரத்தம் சரியாக உறையாத நோய். முழங்கால் வீங்கினால் விடியும்வரை காத்திருக்கலாமா?

வேண்டாம். வீங்கும் முன் பையன் "உள்ளே குறுகுறுக்கிறது" என்பான், அப்போதே ஃபாக்டர் (இரத்தத்தை உறைய வைக்கும் காரணி) ஊசி போட வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஃபாக்டர் இலவசம். பாட்டிலைக் குலுக்காமல் மெதுவாகச் சுழற்றிக் கரைக்க வேண்டும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் கூடாது. தடுப்பூசி உட்பட எந்த ஊசியானாலும் முதலில் நோயைச் சொல்லுங்கள்.

தூத்துக்குடி: ஐ.என்.ஆர். 5.6. நாளை மாத்திரை போடலாமா?

இங்கே கேட்காதீர்கள். மாத்திரை கொடுக்கும் டாக்டரை இப்போதே கூப்பிடுங்கள். தலையில் அடி, கருப்பு மலம், சிவப்புச் சிறுநீர் ஏதாவது இருந்தால் போனும் வேண்டாம், நேரே போங்கள்.

நாமக்கல்: சரி, பொன்னாங்கண்ணி?

கீரைக் கேள்வி முடிந்தது.

ஆம்பூர்: பல் பிடுங்க வேண்டும். வார்ஃபரினை மூன்று நாள் நிறுத்தச் சொன்னார் பக்கத்து வீட்டுக்காரர்.

பக்கத்து வீட்டுக்காரர் உங்கள் ஐ.என்.ஆரைப் பார்த்தாரா? அளவு வரம்புக்குள் இருந்தால் ஒன்றிரண்டு பல்லுக்குப் பெரும்பாலும் நிறுத்துவதே இல்லை. முந்தின நாள் ஐ.என்.ஆர். எடுத்துப் பல் டாக்டரிடம் காட்டுங்கள். பல்லைப் பிடுங்கிவிட்டு வலிக்கு என்ன எழுதுகிறார் என்று பாருங்கள். டைக்ளோஃபெனாக் என்றால் அங்கேயே மாற்றி வாங்குங்கள்.