வவுனியாவில் சில்லு பூட்டிய சின்ன வீட்டை எங்கே நிறுத்தலாம்?

சின்ன வீடு என்றால் ஓர் அறை, குசினி, குளியலறையோடு முடிகிற வீடு. சிலர் அதை ட்ரெய்லரின் மேல் கட்டுவார்கள். அதை எங்கே நிறுத்தலாம் என்பது வலயத்தைப் பொறுத்தது. வலயம் என்றால், எந்த நிலத்தை எதற்குப் பாவிக்கலாம் என்று முன்கூட்டியே பிரித்து வைப்பது.

இது எங்களுக்குப் புதிதல்ல. வன்னியில் குளத்துக்குக் கீழே வயல், மேட்டில் குடிமனை, குளத்து நீர் ஏறி இறங்கும் அலைகரையில் வழமையாக ஒருவரும் வீடு கட்டுவதில்லை. கட்டினால் மாரியில் தண்ணீர் வீட்டுக்குள் வரும், இல்லையென்றால் கழிவு குளத்துக்குப் போகும். நகரத்து வலயமும் அதே கணக்குத்தான். குளத்துக்குப் பதிலாக இங்கே வீதி, வடிகால், கிணறு.

ஆகவே நிறுத்த நல்ல இடம், குடியிருப்புக்குரிய உறுதிக்காணி (உரிமை உறுதி உள்ள காணி): உங்களுடையது, அல்லது உறவினர் வளவு. பேமிட் காணியென்றால் (அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி) முதலில் பிரதேச செயலகத்தில் கேளுங்கள். வயலை நிரப்பி நிறுத்த நினைக்காதீர்கள். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி அதற்குத் தனி அனுமதி வேண்டும். ஏ9 வீதி ஓரம் அகலமாகத் தெரியும், ஆனால் அது வீதிக்கு ஒதுக்கிய நிலம். எங்கே நிறுத்தினாலும் மலக்குழியைக் கிணற்றிலிருந்து தள்ளி வையுங்கள். என்னைக் கேட்டால், வீட்டின் அளவைவிட இதுதான் பெரிய விஷயம்.

“சில்லு இருக்கு, அப்ப இது வாகனம், அனுமதி தேவையில்லை” என்பது பலருடைய நினைப்பு; ஆனால் நகர அபிவிருத்தி அதிகார சபையின் 1978ஆம் ஆண்டு 41ஆம் இலக்கச் சட்டத்தில், அச்சபைக்குரியதென்று பிரகடனப்படுத்திய பகுதிக்குள் கட்டடம் எழுப்புவது மட்டுமல்ல, காணியின் பாவனையை மாற்றுவதும் ‘அபிவிருத்தி’தான்; சில்லு இருந்தாலும் அதற்கு அனுமதி வேண்டும்.