சும்மாடு சுற்றிய வேர்

கே: வேம்பும் புங்கனும் 200 கன்று போடப்போகிறேன். கறுப்பு பாலிதீன் கவர் போதாதா? வேர் கத்தரிக்கும் தொட்டிதான் நல்லது என்கிறார்கள், விலை கூடுதல். (குடியாத்தம் வாசகர்)

ப: மூன்று நான்கு மாதத்தில் நட்டுவிடுவீர்கள் என்றால் கவரே போதும். வருஷக்கணக்கில் வைத்திருப்பதானால் வேண்டாம். காட்பாடியில் என் வீட்டு வாசலுக்கு ஒரு மகிழங்கன்று வாங்கினேன். ஆள் உயரம். "ரெண்டு வருஷம் வளர்ந்தது சார்" என்றதில் மயங்கிவிட்டேன். ஆறாம் வருஷம் ஆடிக் காற்றில் அப்படியே சாய்ந்தது. அடியைப் பார்த்தால், தண்ணீர்க் குடத்துக்குச் சுற்றுகிற சும்மாடு மாதிரி வேர், பழைய கவரின் அகலத்துக்குள்ளேயே சுருண்டு கிடக்கிறது.

வழவழப்பான சுவரில் முட்டும் வேர் வட்டமடிக்கும். நல்ல தொட்டியில் மேலிருந்து கீழே வரிவரியாக மேடு இருக்கும். அது வேரைக் கீழே இறக்கிவிடும். அடி திறந்திருப்பதால் நுனி காற்றுப் பட்டுக் காய்ந்து நிற்கும், மேலே பக்கவேர் கிளைக்கும். வித்தை அவ்வளவுதான். சாதாரணத் தொட்டியில் நாலு ஓட்டை போட்டு, 'ஏர் ப்ரூனிங்' (காற்றால் வேர் கத்தரிப்பது) என்று ஸ்டிக்கர் ஒட்டி இரட்டை விலைக்கு விற்கிறார்களே, அதைப் பார்த்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நாலு ஓட்டை தண்ணீர் வடியத்தான் உதவும். கையை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள். வரி தட்டுப்படாவிட்டால் வைத்துவிட்டு வாருங்கள்.

கே: ரூட் டிரெய்னர் என்கிற அந்த வேர் கத்தரிக்கும் தொட்டி 300 வாங்கினேன். வேரெல்லாம் தரைக்குள் இறங்கிவிட்டது. மட்டச் சரக்கா? (ஆரணி)

ப: சரக்கு சரிதான். மண்தரையில் வைத்தது யார்? அடியில் காற்றுப் போனால்தானே வேர் நிற்கும்! கம்பிவலை மேடையில் ஏற்றி வையுங்கள்.

கே: '300 ஜிஎஸ்எம், 5 வருஷம் உழைக்கும்' என்று போட்டிருந்த, செடி வளர்க்கும் துணிப்பை 40 ஆன்லைனில் வாங்கினேன். ஒரே கோடையில் பொடிந்துவிட்டது. விற்றவர் போனை எடுப்பதில்லை. (ஒடுகத்தூர்)

ப: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள், விடாதீர்கள். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு. பையில் 10 செ.மீ.க்கு 10 செ.மீ. சதுரம் வெட்டி, நகைக்கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். 3 கிராம் இருந்தால்தான் அது 300 ஜிஎஸ்எம். தராசோடு போட்டோ, விளம்பரப் பக்கத்தின் படம், பில், மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் பதியுங்கள். மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்றவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். 2 வருஷத்துக்குள் போட வேண்டும்; பொருளுக்கு நீங்கள் கொடுத்த பணம் 5 லட்சம் வரைக்கும் என்றால் கட்டணம் இல்லை. 'வியாபாரத்துக்கு வாங்கியது' என்று எதிர்த்தரப்பு கிளப்பும். வீட்டுக்கு என்றாலோ, சொந்தப் பிழைப்புக்கு என்றாலோ அதைப் புகாரிலேயே எழுதிவிடுங்கள்.

கே: சந்தனக் கன்று மஞ்சளடிக்கிறது. தொட்டியை மாற்றட்டுமா? (ஜவ்வாது மலை அடிவாரம்)

ப: தொட்டி என்ன செய்யும்? பக்கத்தில் ஒரு துவரை விதை ஊன்றுங்கள். சந்தனம் பக்கத்துச் செடியின் வேரில் உறிஞ்சிப் பிழைக்கிற சாதி.

கே: வேலூர் வெயிலுக்குத் துணிப்பையா, பிளாஸ்டிக்கா? (சத்துவாச்சாரி)

ப: எதுவானாலும் மே மாதத்தில் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்ற வேண்டும். முடியாதென்றால் மழை விழட்டும், பிறகு வாங்குங்கள்.